“பழைய மருந்துக்குச் சமம்” என்று ஓர் ஆய்வு சொன்னால் எதைப் பார்த்து நம்புவது?

அரூர் செவிலி | ஞாயிறு, இரவு 9.20

அனைவருக்கும் வணக்கம். அரூரிலிருந்து சித்தேரி மலைப்பக்கம் ஏறும் வழியில் உள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், பிரசவ அறையில் வேலை பார்க்கிறேன்.

குழந்தை வெளியே வந்ததும் தாய்க்கு ஆக்சிடோசின் 10 யூனிட் தசையில் போட்டுவிடுவோம். கருப்பை சுருங்கி உதிரப்போக்கு அடங்க அதுதான் எங்களுக்குக் காவல். அந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் மின்சாரம் நான்கு மணி நேரம் போய்விட்டால் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கவே கை கூசும். சூடு பட்ட மருந்தும் பார்வைக்குத் தெளிந்த நீராகத்தான் இருக்கும். வீரியம் போயிற்றா இல்லையா என்பது உதிரம் நிற்கும்போதோ நிற்காதபோதோதான் தெரியும்.

போன வாரம் ஒரு பயிற்சி வகுப்பில் அதே வேலைக்கு வெப்பம் தாங்கும் கார்பெடோசின் என்ற மருந்தைப் பற்றிப் பேச்சு வந்தது. வகுப்பெடுத்தவர், “ஆக்சிடோசினுக்குச் சமம் என்று பெரிய ஆய்வில் நிரூபித்துவிட்டார்கள்” என்றார். எனக்கு முன்வரிசையில் இருந்த டாக்டர் எழுந்து, “பெரும் உதிரப்போக்கில் நிரூபிக்க முடியவில்லையே” என்றார். இருவரும் சொன்னது ஒரே ஆய்வை. நேரமாகிவிட்டதால் பேச்சு அங்கேயே நின்றது. ஒரே ஆய்வு இரண்டு பதில் சொல்லுமா? விவரம் தெரிந்தவர்கள் எனக்குப் புரியும்படி சொல்லுங்கள்.

தென்பெண்ணை | ஞாயிறு, இரவு 11.05

அக்கா, வணக்கம். காவேரிப்பட்டினம் எனக்குச் சொந்த ஊர். பெங்களூரில் மருந்து ஆய்வுகளுக்குப் புள்ளியியல் பார்க்கிறேன். உங்கள் கேள்வி என் அன்றாட வேலையின் நடுவில் விழுகிறது.

நீங்கள் கேள்விப்பட்ட ஆய்வு உலக சுகாதார நிறுவனம் நடத்தியது; முடிவு 2018-இல் வெளியானது. இந்தியா உட்பட 10 நாடுகளில் 29,645 பெண்கள். அது ‘நான்-இன்ஃபீரியாரிட்டி’ வகை. தமிழில் தாழ்வின்மை ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான ஆய்வு, “புதிய மருந்து மேலானதா?” என்று கேட்கும். இது, “புதியது கொஞ்சம் குறைவாக இருந்தாலும், நாம் பொறுத்துக்கொள்ளும் அளவுக்குள் இருக்கிறதா?” என்று கேட்கும். அந்தப் பொறுத்துக்கொள்ளும் அளவைத்தான் மார்ஜின் என்கிறார்கள். நான் விளிம்பு என்று எழுதுகிறேன். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே அதை எழுதி வைத்துவிட வேண்டும்.

இந்த ஆய்வில் இரண்டு முதன்மைக் கேள்விகள் இருந்தன. முதலாவது, 500 மில்லி அல்லது அதற்கு மேல் உதிர இழப்பு, அல்லது கூடுதலாக வேறு மருந்து தேவைப்படுதல். கார்பெடோசினில் 14.5 விழுக்காடு, ஆக்சிடோசினில் 14.4. இரண்டையும் வகுத்தால் 1.01. கணக்கின் தடுமாற்றத்தையும் சேர்த்துச் சொல்லும் நம்பக இடைவெளி 0.95 முதல் 1.06 வரை. விளிம்பு 1.16. இடைவெளியின் மேல்முனை விளிம்பைத் தொடவே இல்லை. எனவே தாழ்வின்மை காட்டப்பட்டது. உங்கள் பயிற்சியாளர் சொன்னது இதை.

இரண்டாவது, 1000 மில்லி அல்லது அதற்கு மேல். 1.51 விழுக்காடு, 1.45 விழுக்காடு. விகிதம் 1.04, இடைவெளி 0.87 முதல் 1.25 வரை. இதற்கு வைத்த விளிம்பு 1.23. மேல்முனை இம்மியளவு தாண்டிவிட்டது. எனவே காட்டப்படவில்லை. டாக்டர் சொன்னது இதை. காட்டப்படவில்லை என்றால் மருந்து மோசம் என்று பொருள் இல்லை. பெரும் உதிரப்போக்கு எதிர்பார்த்ததைவிட அரிதாக நேர்ந்ததால், கணக்கு தீர்ப்புச் சொல்லும் அளவுக்குக் கூர்மையாகவில்லை. ஆய்வாளர்கள் இந்த இரண்டாவது முடிவை மறைக்காமல், மழுப்பாமல் எழுதினார்கள். அதற்காகவே எனக்கு அந்த அறிக்கை மேல் மரியாதை.

ஆனால் அக்கா, உங்கள் நிலையத்துக்கு இதைவிட முக்கியமான ஒரு வரி அதில் இருக்கிறது. எந்த ஊசி எந்த மருந்து என்று தெரியக் கூடாது என்பதற்காக இரண்டு மருந்துகளையும் குளிரிலேயே வைத்திருந்தார்கள். அதாவது ஒப்பிடப்பட்டது கெடாமல் காக்கப்பட்ட ஆக்சிடோசினோடு. மின்சாரம் போய்ச் சூடேறிய ஆக்சிடோசினோடு அல்ல.

காரிமங்கலம் முதுநிலை | திங்கள், காலை 6.40

சார், இதைப் படித்துவிட்டு இரவு தூக்கம் வரவில்லை. முதுநிலை மருத்துவம் படிக்கிறேன். கல்லூரிப் பெயர் வேண்டாம். என் ஆய்வேட்டுக்கு மாதிரியாக ஒரு மூத்த மாணவரின் ஏட்டைக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு ஆன்டிபயாட்டிக் மருந்துகள், ஒவ்வொன்றிலும் 40 பேர். பழையதில் 36 பேர் குணமானார்கள், புதியதில் 34 பேர். ‘பி’ மதிப்பு 0.05-ஐத் தாண்டியதால், அதாவது இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதால், “இரு மருந்துகளும் சம வல்லமை உடையவை” என்று முடித்திருக்கிறார். எனக்கும் அதே வடிவத்தில், அதே 80 பேரோடு செய்யச் சொல்லியிருக்கிறார்கள். “வித்தியாசம் வரவில்லை என்றால் சமம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது” என்றார்கள். அது தவறு என்று உள்ளுக்குள் தோன்றுகிறது. எப்படித் தவறு என்று சொல்லத் தெரியவில்லை.

தென்பெண்ணை | திங்கள், காலை 8.15

தம்பி, உங்கள் உள்மனம் சரியாகத்தான் சொல்கிறது. அந்த 36-க்கும் 34-க்கும் நம்பக இடைவெளி போட்டுப் பாருங்கள். 90 விழுக்காடு, 85 விழுக்காடு; வித்தியாசம் 5 புள்ளி. இடைவெளி ஏறக்குறைய 9 புள்ளி மேலே இருந்து 19 புள்ளி கீழே வரை போகும். புதிய மருந்து நூறு பேரில் ஒன்பது பேரைக் கூடுதலாகக் காப்பாற்றுகிறது என்பதற்கும் அந்தத் தரவில் இடமுண்டு. பத்தொன்பது பேரைக் கைவிடுகிறது என்பதற்கும் இடமுண்டு. இதைச் சமம் என்று எழுதுவது, இருட்டில் தேடிக் கிடைக்காத மாட்டைத் தொழுவத்திலேயே இல்லை என்று சொல்வது போன்றது.

எத்தனை பேர் தேவை என்று பார்ப்போம். பழைய மருந்தில் 90 விழுக்காடு குணமாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் உண்மையிலேயே ஒன்றுதான் என்றும், ஆய்வு அதைக் கண்டுபிடிக்க 80 விழுக்காடு வாய்ப்பு வேண்டும் என்றும் கொள்ளுங்கள். விளிம்பு 10 புள்ளி என்றால் ஒரு பக்கத்துக்கு 142 பேர். 5 புள்ளி என்றால் 565 பேர். 20 புள்ளி என்றால் வெறும் 36 பேர். விளிம்பைப் பாதியாக்கினால் ஆள்கணக்கு நான்கு மடங்காகும்.

இங்கேதான் சபலம் நுழைகிறது. கையில் 80 பேர்தான் என்றால், அதற்கேற்ற விளிம்பைப் பின்னாலிருந்து கண்டுபிடித்துவிடலாம். காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். ஆனால் 20 புள்ளி என்றால், நூறு பேரில் இருபது பேர் கூடுதலாகக் குணமாகாமல் போனாலும் எனக்குச் சம்மதம் என்று கையெழுத்திடுகிறோம். அந்த இருபது பேரின் முன் நின்று அதைச் சொல்ல முடியுமா?

ஊத்தங்கரை டாக்டர் | திங்கள், பிற்பகல் 2.30

இழையை முழுக்கப் படித்தேன். முப்பது ஆண்டுகளாகக் காசநோய் பார்த்தவன் என்ற முறையில் ஒரு மறுப்பு. இந்த வகை ஆய்வே ஏமாற்று என்ற எண்ணம் இளையவர்கள் மனத்தில் விழுந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டின் காசநோய் மருத்துவமே இப்படி ஒரு கேள்வியில்தான் தொடங்கியது.

1950-களில் காசநோய் என்றால் சானடோரியம், அதாவது மாதக்கணக்கில் படுத்திருக்கும் காசநோய் மருத்துவமனை. படுக்கையோ போதாது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம், வீட்டிலேயே இருந்து ஐசோநயாசிட், பாஸ் மருந்துகளைச் சாப்பிடுவோரையும் சானடோரியத்தில் படுத்துச் சாப்பிடுவோரையும் ஒப்பிட்டது. 1959-இல் முடிவு வெளியானது. வீட்டு வைத்தியம் சளைக்கவில்லை. உடனிருக்கும் குடும்பத்தாருக்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. தாழ்வின்மை என்ற பெயர் அப்போது புழக்கத்தில் இல்லை. கேள்வி அதுவே. நோயாளி வீட்டில் இருக்கலாம், வேலையைப் பார்க்கலாம், பிள்ளைகளைப் பிரிய வேண்டாம். இத்தனை லாபம் கண்முன் இருந்ததால்தான் “சளைக்காமல் இருந்தால் போதும்” என்று கேட்பது நியாயமானது.

இன்னொன்றும் சொல்கிறேன். இந்த வடிவம் மருந்தைத் தோற்கடிக்கவும் செய்யும். ஆறு மாத மருந்தை நான்கு மாதமாகச் சுருக்க மாக்சிஃப்ளாக்சசினை வைத்துப் பெரிதாக முயன்றார்கள். 2014-இல் வந்த ரீமாக்ஸ் ஆய்வில் விளிம்பு 6 புள்ளி. சளியில் கிருமி மறையும் வேகம் புதிய மருந்தில் கூடுதலாக இருந்தது. அதைப் பார்த்து நாங்களெல்லாம் மகிழ்ந்தோம். முடிவில் ஆறு மாதக் குழுவில் 92 விழுக்காட்டினர் நலம். நான்கு மாதக் குழுக்களில் 85, 80. நோய் திரும்பிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான சென்னை ஆய்வொன்றிலும், வாரம் மும்முறை கொடுத்த நான்கு மாத மருந்தில் நோய் திரும்புவது அதிகமாக இருந்ததால் பாதியில் நிறுத்தினார்கள். 2021-இல் ரிஃபாபென்டினையும் மாக்சிஃப்ளாக்சசினையும் சேர்த்த நான்கு மாத மருந்து, 6.6 புள்ளி விளிம்புக்குள் நின்றது. சாதகமற்ற முடிவு ஒரு பக்கம் 15.5, மறுபக்கம் 14.6 விழுக்காடு. கறாரான விளிம்பு வைத்ததால்தான் தோற்றதும் தெரிந்தது, வென்றதும் தெரிந்தது.

செவிலி அம்மாவுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. கார்பெடோசின் உதிரப்போக்கைத் தடுக்க மட்டும். வலி வரவழைக்கவோ, தொடங்கிவிட்ட உதிரப்போக்கை நிறுத்தவோ அதை நம்பக் கூடாது. ஆகவே ஆக்சிடோசினும் ஃபிரிட்ஜும் உங்கள் அறையை விட்டுப் போகப்போவதில்லை.

பாலக்கோடு ஆசிரியர் | திங்கள், இரவு 8.50

நான் மருத்துவத் துறை இல்லை. பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் அப்பாவை ஒரு மருத்துவமனையில் ஓர் ஆய்வில் சேர்த்தார்கள். கையெழுத்துக் கேட்ட படிவத்தில், “புதிய மருந்து இப்போதுள்ள மருந்தைப் போலவே நன்றாக வேலை செய்கிறதா என்று பார்க்கிறோம்” என்றிருந்தது. நான்தான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். எவ்வளவு குறைந்தாலும் ‘போலவே’ என்று எடுத்துக்கொள்வார்கள் என்பதை அந்தத் தாளில் யாரும் எழுதவில்லை. அப்படி ஓர் எண் இருக்கிறது என்பதே எனக்கு இன்றுதான் தெரிகிறது.

அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் மனம் கொதிக்கிறது. பொறுத்துக்கொள்ளப் போகிறவர் அவர். எவ்வளவு பொறுக்கலாம் என்று முடிவு செய்தவர்கள் வேறு யாரோ. இது எப்படிச் சரி?

தென்பெண்ணை | திங்கள், இரவு 11.40

ஐயா, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2007-இல் லான்செட் இதழில் இத்தாலிய ஆய்வாளர்கள் கராத்தினியும் பெர்டெலேயும், தாழ்வின்மை ஆய்வுகள் நோயாளியின் நலனைப் புறக்கணிப்பதால் அறமற்றவை என்றே வாதிட்டார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். டாக்டர் ஐயா சொன்ன சானடோரியக் கதையே அதற்குப் பதில். ஆனால் படிவத்தில் அந்த எண் இருக்க வேண்டும் என்பதில் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். விலை குறைகிறதா, ஊசிக்குப் பதில் மாத்திரையா, பக்கவிளைவு குறைவா, இதற்கு ஈடாக இவ்வளவு இழப்பை ஏற்கிறோம் என்று எழுதினால் யாரும் யோசித்துக் கையெழுத்திடுவார்கள்.

விளிம்பு எங்கிருந்து வர வேண்டும் என்பதற்கு முறை இருக்கிறது. பழைய மருந்து, மருந்தே இல்லாததைவிட எவ்வளவு மேல் என்று முந்தைய ஆய்வுகளில் பார்க்க வேண்டும். அந்தப் பலனில் பாதியாவது காப்பாற்றப்பட வேண்டும் என்பது பரவலாக எடுத்துக்கொள்ளும் அளவு. அமெரிக்காவின் மருந்து ஒழுங்காற்று அமைப்பான எஃப்.டி.ஏ. 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதை விரிவாகச் சொல்கிறது. ஆனால் 2006-இல் ஜாமா இதழில் வந்த ஒரு கணக்கெடுப்பு, 162 ஆய்வறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தது. பெரும்பாலானவை விளிம்பைச் சொல்லியிருந்தன. ஏன் அந்த எண் என்று காரணம் சொன்னவை 20.4 விழுக்காடு மட்டுமே. அதே ஆண்டு, இவ்வகை அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று, ஆய்வறிக்கை எழுதும் முறையை வகுக்கும் கான்சார்ட் குழு தனி நெறிமுறை வெளியிட்டது, 2012-இல் புதுப்பித்தது. நெறிமுறை வந்த பிறகும் என் மேசைக்கு வரும் வரைவுகளில் முதலில் விடுபடுவது அந்தக் காரணம்தான்.

காரணம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு ஜிமெலகாட்ரான். இதயத்துடிப்புக் கோளாறில் பக்கவாதம் வராமல் தடுக்க, ரத்தம் உறைவதைத் தடுக்கும் பழைய மருந்தான வார்ஃபரினுக்கு மாற்றாக வந்த மாத்திரை. வார்ஃபரினில் ஆண்டுக்குச் சுமார் 3 விழுக்காட்டினருக்குப் பக்கவாதமோ ரத்தக்கட்டியோ நேரும் என்று எண்ணி, 2 புள்ளி விளிம்பு வைத்தார்கள். உண்மையில் இரண்டாவது பெரிய ஆய்வில் வார்ஃபரின் பக்கம் நேர்ந்தது 1.2 விழுக்காடு; புதியதில் 1.6. விளிம்பு அப்படியே நின்றது. 1.2-க்கு மேல் 2 புள்ளி என்றால் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆபத்தையும் “தாழ்வில்லை” என்று ஏற்கிறோம்! கணக்குப்படி மருந்து தேறியது. எஃப்.டி.ஏ. 2004-இல் ஒப்புக்கொள்ளவில்லை. கல்லீரல் பாதிப்பால் 2006-இல் மற்ற நாடுகளிலிருந்தும் திரும்பப் பெற்றார்கள்.

இன்னும் நுட்பமானது டெலித்ரோமைசின். சைனஸ் அழற்சி போன்ற நோய்களில் இன்னொரு ஆன்டிபயாட்டிக்குக்குத் தாழ்வில்லை என்று காட்டி 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த நோய்களில் பலருக்குத் தானாகவே குணமாகும். பழைய மருந்தே அங்கே பெரிதாக எதையும் செய்யவில்லை என்றால், அதற்குத் தாழ்வில்லை என்பது எதைக் காட்டும்? கடும் கல்லீரல் பாதிப்புகள் வெளிவந்தபின், 2007-இல் மூன்று உபயோகங்களில் இரண்டை நீக்கினார்கள்.

பழைய சந்தைகளில் படிக்கல் வைத்திருப்பார்கள். மூலக்கல்லோடு ஒப்பிடாமல், முந்தின கல்லைப் பார்த்து அடுத்த கல்லைச் செதுக்கினால், ஒவ்வொரு முறையும் துளி குறைந்தாலும் ஐந்தாவது கல்லில் சேர் கணக்கே மாறிவிடும். இரண்டாவது மருந்து முதலாவதற்குத் தாழ்வில்லை, மூன்றாவது இரண்டாவதற்குத் தாழ்வில்லை என்று போனால் இதுதான் நடக்கும்.

ஓசூர் தரக்கட்டுப்பாடு | செவ்வாய், காலை 7.10

மருந்துத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். ஒரு குழப்பத்தை இப்போதே தடுத்துவிட விரும்புகிறேன். இதைப் படிப்பவர்கள், மக்கள் மருந்தகத்தில் வாங்கும் ஜெனரிக் மாத்திரையும் இந்தத் தேய்ந்த படிக்கல்தானோ என்று பயப்படுவார்கள். இல்லை. ஜெனரிக்கில் இருப்பது அதே மூலக்கூறு. ரத்தத்தில் அது ஏறும் அளவும் உச்சமும் மூல மருந்தோடு ஒப்பிடப்படும். 90 விழுக்காட்டு நம்பக இடைவெளி முழுவதும் 80 முதல் 125 விழுக்காட்டுக்குள் விழ வேண்டும். ஒப்பீடு ஒவ்வொரு முறையும் குறித்துவைத்த மூல மருந்தோடுதான், பக்கத்துக் கம்பெனியின் மாத்திரையோடு அல்ல. இரண்டையும் தயவுசெய்து கலக்காதீர்கள். விலை குறைந்த மாத்திரையை நம்பி வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம்.

ஊத்தங்கரை டாக்டர் | செவ்வாய், பிற்பகல் 1.45

நல்ல விளக்கம். தென்பெண்ணை சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது, அது எங்கள் மாவட்டங்களில் முக்கியம். நோயாளிகள் இடையில் நின்றுபோவது. அறுவடை முடிந்தால் பாதி ஊர் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விடுகிறது. மாத்திரை நின்றுவிடும். மேலானதா என்று கேட்கும் ஆய்வில் இப்படி நடந்தால் ஆய்வு தோற்கும்; ஆய்வாளருக்கே நஷ்டம். தாழ்வின்மை ஆய்வில் தலைகீழ். இரண்டு பக்கமும் பாதிப்பேர் மாத்திரை சாப்பிடாவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் தெரியும். கவனக்குறைவுக்குப் பரிசு கிடைக்கும். அதனால்தான் ஒதுக்கிய எல்லோரையும் சேர்த்த கணக்கு, நெறிப்படி மருந்தை முடித்தவர்களின் கணக்கு, இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும். இரண்டும் ஒரே திசையில் பேசினால்தான் நான் நம்புவேன்.

காரிமங்கலம் முதுநிலை | செவ்வாய், இரவு 10.30

சார், டாக்டர் ஐயா, இருவருக்கும் நன்றி. இன்று வழிகாட்டிப் பேராசிரியரிடம் 142, 565 கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். முதலில் முகம் சுளித்தார். பிறகு அந்த 9, 19 இடைவெளியைத் தானே கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தார். வெகுநேரம் பேசவில்லை. என்னிடம் இருக்கும் காலத்தில் 284 பேர் கிடைக்க மாட்டார்கள். எனவே ஒப்பீட்டையே விட்டுவிட்டு, ஒரே மருந்தில் எத்தனை பேர் ஏழு நாள் முழுவதும் மாத்திரை சாப்பிடுகிறார்கள், யார் ஏன் நிறுத்துகிறார்கள் என்று பார்க்கும் ஆய்வாக மாற்றச் சம்மதித்திருக்கிறார். ‘சமம்’ என்ற சொல் என் ஏட்டில் வராது.

தென்பெண்ணை | செவ்வாய், இரவு 11.15

நல்ல முடிவு, தம்பி. யார் ஏன் நிறுத்துகிறார்கள் என்பது தெரிந்தால் நாளை ஒரு பெரிய ஆய்வைத் திட்டமிடுபவர்களுக்கு அது மிகவும் உதவும். மருந்து கொடுத்துப் பின்தொடரும் ஆய்வென்றால், முதல் நோயாளிக்கு முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்துவிடுங்கள். அடுத்த முறை யாராவது ஒரு தாழ்வின்மை ஆய்வறிக்கையைக் கொடுத்தால், அதே பதிவேட்டில் அதன் பழைய பதிவைத் திறந்து, அறிக்கையில் இருக்கும் விளிம்பு முதலிலேயே எழுதப்பட்டதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

அரூர் செவிலி | புதன், காலை 5.50

இரவு டியூட்டி முடிந்து எழுதுகிறேன். மூன்று நாளாக ஒவ்வொரு பதிவையும் இரண்டு முறை படித்தேன். பயிற்சியாளர் சொன்னதும் உண்மை, டாக்டர் சொன்னதும் உண்மை, என் அறையில் இருக்கும் கேள்வி மூன்றாவது என்று இப்போது தெரிகிறது. உலக சுகாதார நிறுவனம் இந்த மருந்தை விலை ஒத்துவரும் இடங்களில் போடலாம் என்று 2018-லேயே சொல்லியிருப்பதாக எங்கள் மருத்துவ அலுவலர் சொன்னார். எங்கள் ஃபிரிட்ஜின் வெப்பநிலைப் பதிவேட்டைச் சித்திரை முதல் தேதியிலிருந்து புரட்டி, 8 டிகிரியைத் தாண்டிய நாட்களைத் தனித் தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தாளின் தலைப்பில், “ஆய்வில் ஒப்பிட்ட ஆக்சிடோசின் குளிரிலேயே இருந்தது” என்று எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாவட்டக் கூட்டத்துக்கு அலுவலர் அதை எடுத்துப் போகிறார்.